உருவம் சிறுத்தாலும் குதிரை குதிரைதான்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது தத்தமங்கலம். கடைவீதியில் மலையாளமும் தமிழும் கலந்தே காதில் விழும் எல்லைப்புற ஊர். 'அங்காடி வேலா' என்ற திருவிழா நாளில் இந்த ஊரின் சாலை பந்தய மைதானமாகிவிடும். இரு பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் குதிரைகள் பாய்ந்து போகும். 2021 ஏப்ரலில் கொரோனா கட்டுப்பாடுகள் அமலில் இருந்த நேரத்திலும் கூட்டம் அடங்கவில்லை. போலீஸ் வழக்குப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. நோய்க்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, குதிரை ஓடுவதைப் பார்க்க இவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்றால் அந்தப் பிரியத்தை என்னவென்று சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால், கேரளம் குதிரைக்கு ஏற்ற பூமியே கிடையாது. மழையும் சேறும் ஆறும் காயலும் நிறைந்த நிலம். இங்கே கோயிலுக்கும் கூப்புக்கும் யானைதான். இருந்தாலும் ஆசை விடவில்லை. நிஜக் குதிரை வாய்க்காத இடத்தில் மூங்கிலையும் வைக்கோலையும் துணியையும் கொண்டு குதிரை செய்தார்கள். ஷொர்ணூருக்கு அருகே கவளப்பாறை ஆரியங்காவு பூரத்திலும், திருச்சூர் மாவட்டத்தின் மச்சாட்டு மாமாங்கத்திலும் ஆள் உயரத்தைத் தாண்டிய குதிரைக் கோலங்களைத் தோளில் சுமந்து ஆடுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அய்யனாருக்கு மண்குதிரை, ஆட்டத்துக்குப் பொய்க்கால் குதிரை. குதிரையை மனிதன் சுமப்பது உலகத்தில் வேறு எங்கும் இத்தனை சிரத்தையோடு நடக்குமா என்பது சந்தேகமே.

அந்த ஆசை இப்போது உருவம் மாறிக்கொண்டிருக்கிறது. இடுப்பளவுகூட வராத குட்டைக் குதிரைகள் மீது குதிரைப் பிரியர்களின் கண் விழுந்திருக்கிறது. 'மினியேச்சர்' என்றும் 'மினி' என்றும் சொல்கிறார்கள். பண்ணை வீடுகளிலும் சுற்றுலா விடுதிகளிலும் இவற்றுக்குத் தனி மவுசு. கோயம்புத்தூர், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரையிலும், உடுமலை, தேனியிலிருந்து மூணாறு, குமுளி வரையிலும் நீளும் இந்த எல்லைப்பகுதியில் இந்த ஆசை வேர்விடுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் வயது. சின்ன வயதில் குதிரை வண்டி ஓட்டியவர், எஸ்டேட்டில் குதிரையேறி ரவுண்டு போனவர், திருவிழாப் பந்தயத்தில் ஓட்டியவர் என்று ஒரு தலைமுறை இருக்கிறது. அறுபதைக் கடந்ததும் முட்டி மடங்காது, இடுப்பு ஒத்துழைக்காது. பெரிய குதிரையின் மீது ஏறுவது இருக்கட்டும், அது தலையை ஒரு உதறு உதறினால் பிடித்து நிறுத்தவே தெம்பு போதாது. ஆனால் லாயத்து வாசனைக்குப் பழகிய மூக்கு அதை மறப்பதில்லை. ஏறிச் சவாரி செய்ய முடியாவிட்டாலும் தடவிக் கொடுக்க, தீனி வைக்க, கூட நடக்க ஒரு குதிரை வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான்.

இரண்டாவது காரணம் இடம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சராசரி நிலவுடைமை 0.18 ஹெக்டேர். அதாவது சுமார் 45 சென்ட். அதில் வீடு, கிணறு, தென்னை, ஜாதிக்காய், பலா எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும்? அங்கே மார்வாரிக் குதிரை திரும்பி நிற்கக்கூட இடம் போதாது.

மூன்றாவது தீனிக் கணக்கு. ஒரு குதிரை தன் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் அளவுக்கு உலர்தீனி தின்னும். 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோ. 90 கிலோ குட்டைக் குதிரைக்கு 2 கிலோ கூட ஆகாது. 'யானை விலை குதிரை விலை' என்று பயந்தவர்களுக்கு இந்தக் கணக்கு இனிக்கத்தான் செய்யும்.

இந்தக் குட்டைக் குதிரைகள் எங்கிருந்து வந்தன என்பது தனிக் கதை. நரி பரியான கதை தமிழர்களுக்குத் தெரிந்ததுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலில் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவந்தார் என்பது புராணம். விஞ்ஞானமும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் ஆரம்பிக்கிறது. 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த குதிரையின் மூதாதை ஒரு நரி அளவே இருந்தது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். புல்வெளிகள் பரவ, ஓட வேண்டிய தேவை கூட, கால் நீண்டு விரல் குறைந்து ஒற்றைக் குளம்பாயிற்று. மனிதன் குதிரையைக் குட்டையாக்கியது அதற்கெல்லாம் மிகமிகப் பிந்திய வேலை.

அந்த வேலையின் ஆரம்பம் அழகுக்காக நடக்கவில்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் குளிரும் பசியும் சேர்ந்து குதிரையைக் குள்ளமாக்கியிருந்தன. 1842-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டு, பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு அனுப்பக் கூடாது என்று தடுத்தது. பிள்ளைகள் இழுத்த நிலக்கரி வண்டியை இழுக்க, தாழ்வான சுரங்கத்துக்குள் தலை இடிக்காமல் நடக்கக்கூடிய ஒரு பிராணி தேவைப்பட்டது. ஷெட்லாந்துக் குதிரையின் தலைவிதி அங்கே எழுதப்பட்டது. 1870-களில் லண்டன்டெரி பிரபு தன் சுரங்கங்களுக்காகவே அந்தத் தீவுகளில் குட்டைக் குதிரைப் பண்ணை நடத்தினார். முடிந்தவரை தரைக்குப் பக்கத்தில், முடிந்தவரை பலமாக என்பதுதான் அந்தப் பண்ணையின் இலக்கு. 1890-ல் ஷெட்லாந்துக் குதிரைகளுக்கென வம்சாவளிப் பதிவேடு வந்தது. இன்று குழந்தைகள் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் குதிரையின் முன்னோர் பலர் சுரங்க இருட்டிலேயே காலத்தைக் கழித்தவர்கள்.

அர்ஜென்டினாவில் பலபெல்லா குடும்பம் இன்னொரு வழியில் போனது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தின் உறவினர் ஒருவர் ஆரம்பித்த குட்டைக் குதிரை வளர்ப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள். 1940-களில் ஜூலியோ பலபெல்லா அதை முறையான பதிவேடாக்கினார். குட்டையானதைக் குட்டையானதோடு சேர்த்து, அதிலும் குட்டையைத் தேர்ந்து, மறுபடியும் சேர்த்து வந்த பொறுமைதான் 'பலபெல்லா' என்ற பெயர். அமெரிக்காவில் 1978-ல் குட்டைக் குதிரைகளுக்கென்று சங்கம் ஏற்பட்டது. அதன் விதிப்படி உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மற்றக் குதிரைகளை முதுகுத் திமிலின் உச்சியில் அளப்பார்கள். இவற்றைப் பிடரி மயிர் முடியும் இடத்தில் அளக்கிறார்கள். 34 அங்குலம் என்றால் சுமார் 86 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேஜையைவிடச் சற்றுத்தான் அதிகம்.

கின்னஸ் புத்தகத்தில் ஏறிய தம்பலினா என்ற அமெரிக்கக் குதிரையின் உயரம் 44.5 சென்டிமீட்டர்தான். 2018-ல் இறந்துபோன அந்தக் குதிரைக்கு இருந்தது பிறவிக் குள்ளத்தன்மை. அதாவது உலகம் வியந்து பார்த்த அந்த உயரம் ஒரு குறைபாட்டின் விளைவு. இந்தச் சின்ன விவரத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தேவைப்படும்.

குட்டைக் குதிரை வெறும் காட்சிப்பொருள் என்று தள்ளிவிடவும் முடியாது. 1999-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு தம்பதி, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட இவற்றைப் பழக்க ஆரம்பித்தார்கள். வழிகாட்டி நாய் எட்டுப் பத்து ஆண்டுகள் உழைத்தால் அதிகம். குதிரையோ 25 முதல் 35 ஆண்டுகள் வரை வாழும். நாயைத் தொட மனமில்லாதவர்களுக்கும், நாய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது ஒரு மாற்று. 2011-ல் அமலுக்கு வந்த அமெரிக்க அரசு விதிகள், பயிற்சி பெற்ற குட்டைக் குதிரையைப் பொது இடங்களில் அனுமதிப்பது பற்றித் தனியாகவே பேசுகின்றன. ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் கட்டில் உயரத்துக்கு வந்து தலையை நீட்டும் ஒரு குதிரை, பேச மறுத்தவரைப் பேச வைத்த அனுபவங்கள் அங்கே நிறைய.

சரி, நம் எல்லைப்பகுதிக்கு வரும் 'மினி'க்கள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவைதானா? பெரும்பாலும் இருக்க வாய்ப்பில்லை. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கால்நடையைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மத்திய அரசின் சுகாதார அனுமதி, நோய்ச் சோதனைச் சான்றுகள், சென்னை போன்ற நகரங்களில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் காத்திருப்பு என்று வரிசையாகப் படிகள் உண்டு. குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் போன்ற நோய்கள் இருப்பதால் இந்தக் கெடுபிடியில் நியாயமும் இருக்கிறது. ஆகவே சந்தையில் 'மினி' என்று விலை சொல்லப்படுவது பல சமயம் நம்முடைய குட்டை நாட்டுக் குதிரைதான். தமிழில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது: மட்டக்குதிரை.

ஈரோடு மாவட்டத்து அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் சந்தைக்குக் கேரளம், கர்நாடகத்திலிருந்தும் குதிரைப் பிரியர்கள் வருகிறார்கள். காத்தியவாரியும் மார்வாரியும் லட்சக்கணக்கில் விலை பேசப்படும் அந்த மைதானத்தில், ஓரமாக நிற்கும் மட்டக்குதிரையையும் குட்டிகளையும் சுற்றித்தான் சிறுவர்கள் கூட்டம். அனுபவமில்லாதவர் ஏமாறும் இடமும் இதுதான். சாதாரணக் குதிரைக் குட்டியே பிறக்கும்போது மூன்றடியை நெருங்கி நிற்கும். பால்குடி மறந்த குட்டியைக் காட்டி 'இதுக்கு மேல வளராதுங்க' என்று ஒருவர் சொன்னால், பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்தத் தாட்சண்யம் வேண்டியதில்லை.

ஏமாற்று ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமான குட்டைக் குதிரையே கிடைத்தாலும் அதோடு கூட வரும் சங்கடங்கள் கொஞ்சமல்ல. உயரத்தைக் குறைப்பதே குறியாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால் பிறவிக் குள்ளத்தன்மை தலைதூக்குகிறது. வளைந்த கால், குறுகிய மூச்சுக்குழல், மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாத வாய். குருத்தெலும்பைக் கட்டும் ஒரு மரபணுவில் ஏற்படும் கோளாறுகள் இதற்குக் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கோளாறு உள்ள மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் குதிரை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால்தான் குட்டியில் குட்டு வெளிப்படும். மேல்நாட்டில் இதற்குச் சோதனை உண்டு. வம்சாவளி எழுதி வைக்கும் வழக்கமே இல்லாத சந்தையில் யார் யாருக்குச் சோதனை செய்வது?

உடம்பு சுருங்கும் அளவுக்குப் பல் சுருங்குவதில்லை. சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து நிற்கும். பிரசவத்தில் குட்டியின் தலை பெரிதாக இருந்து தாய் தவிக்கும். வீட்டார் பிரியத்துக்கு அள்ளிக் கொடுக்கும் கொள்ளும் வெல்லமும் பெரிய குதிரைக்குச் செரிக்கலாம். இதற்குக் கொழுப்பாகச் சேர்ந்து குளம்பு அழற்சியில் கொண்டுபோய் நிறுத்தும். கொழுத்துவிட்டதே என்று திடீரெனப் பட்டினி போட்டாலோ ரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரியாது. வயிற்றில் போனது கெட்டதாக இருந்தால் வலியில் புரளுவதைத் தவிர அதற்கு வழியில்லை.

ஊரும் பார்த்து நடக்க வேண்டும். பாலக்காட்டுக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஷெட்லாந்து வழியில் வந்த அடர்த்தியான ரோமத்தோடு அந்த வெயிலில் நிற்பது, கம்பளி போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்காருவது மாதிரி. இடுக்கியில் நேர் எதிர். மாதக்கணக்கில் நிற்காத மழையில் குளம்பு ஊறி அழுகும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட ஆள் வேண்டும். கூட்டமாக வாழும் பிராணியை ஒற்றையாகக் கட்டி வைத்தால் அது ஏங்கும். தெருநாய்த் தொல்லை அதிகமான ஊரில் நாய் உயரமே உள்ள குதிரைக்கு ராத்திரியில் என்ன பாதுகாப்பு? 90 கிலோ குதிரையின் முதுகில் 18 கிலோ ஏற்றினாலே அதிகம். பிறந்தநாள் விருந்துக்கு வந்த பத்து வயதுப் பையன் அதற்குப் பாரம்தான்.

இந்த நிலைமை தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். வருஷம் முடிவதற்குள் அவற்றில் பெரும்பகுதி செத்துப்போகுமாம். சமைத்த சோற்றைப் போட்டு வளர்த்தார்கள், குதிரைக்கு வைத்தியம் பார்க்கவோ லாடம் கட்டவோ தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அப்படித் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரைகள் சாகச் சாகத்தானே புதிதாக விற்கலாம்! கப்பலில் குதிரை வந்தது, குதிரையைக் காப்பாற்றும் அறிவு வரவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, செல்போனில் படம் பார்த்து மினிக்குதிரைக்கு முன்பணம் கொடுப்பவர் அதே பாண்டியன் நிலையில்தான் இருக்கிறார்.

குட்டைப் பிராணிகளை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்குக் கேரளமே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் பசு சுமார் 90 சென்டிமீட்டர் உயரம்தான். அதாவது மினிக்குதிரை உயரம். அந்த மண்ணின் ஈரத்துக்கும் தீனிக்கும் ஏற்பத் தானாக அமைந்த உருவம் அது. 1961-ல் வந்த கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கச் சொன்னது. பால் பெருக்க வேண்டும், சீமை இனத்தோடு கலக்க வேண்டும் என்பது அன்றைய கொள்கை. கொஞ்ச காலத்தில் வெச்சூர் பசு கண்ணில் படாத பொருளாயிற்று. 1989-ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் கிராமம் கிராமமாகத் தேடி, எஞ்சியிருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய மாடுகளைச் சேர்த்து இனத்தைக் காப்பாற்றினார்கள். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அதே பசுவைப் பண வசதி உள்ளவர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

மட்டக்குதிரைக்கு அப்படி ஒரு சோசம்மா ஐப் கிடைக்கவில்லை. இந்த எல்லைமலைகளில் அதன் உழைப்பு கொஞ்ச நஞ்சமில்லை. மூணாறு மலையில் தேயிலை போட்ட காலத்தில் சாலைகள் கிடையாது. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-ல் அது குட்டி ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் தேனிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் வருவதற்கு முன்பும் போன பின்பும் போடி, தேவாரம், கம்பத்திலிருந்து மலையேறிய அரிசியும் உப்பும், இறங்கிய ஏலக்காயும் தலைச்சுமையிலும் பொதிமாடு, கழுதை, மட்டக்குதிரை முதுகிலும்தான் போய்வந்தன. தேயிலைத் தோட்டத்துத் துரைகள் எஸ்டேட் விட்டு எஸ்டேட் போனதும் குதிரையில்தான்.

அந்தக் காலம் முழுசாக முடிந்துவிடவும் இல்லை. கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவிக்குத் தலைமுறை தலைமுறையாகச் சாமான்கள் குதிரை முதுகில் போயிருக்கின்றன. தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் சாலை எட்டாத மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் குதிரையில் ஏற்றி அனுப்பும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். ஜனநாயகம் குதிரையேறிப் போகிறது என்று தலைப்புப் போட்டுவிட்டு மறந்தும் விடுகிறோம். அந்தக் குதிரையின் பெயர் என்ன, இனம் என்ன, அதை மலையேற்றப் பழக்கியவர் யார் என்று கேட்பதில்லை.

நாட்டின் கணக்கே பயமுறுத்துகிறது. 2012-ல் இந்தியாவில் சுமார் 6.2 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சம். ஏழே ஆண்டுகளில் 45 சதவீதத்துக்கு மேல் சரிவு. அரசு அங்கீகரித்த குதிரை இனங்களில் மார்வாரி, காத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, பூட்டியா, கச்சி-சிந்தி எல்லாம் உண்டு. மகாராஷ்டிரத்தில் மேய்ச்சல்காரர்கள் வளர்க்கும் பீம்தடியும் அண்மையில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்தோ கேரளத்திலிருந்தோ ஒன்றுகூட இல்லை. இங்குள்ள மட்டக்குதிரை பல வம்சம் கலந்தது, தனி இனம் என்று சொல்ல முடியாது என்று ஒருவர் வாதிடலாம். இருக்கட்டும். அதைச் சொல்வதற்காவது யாராவது ஊர் ஊராகப் போய் அளந்து, ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-ல் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. கேரளத்துக்கும் 2010 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லைமலை இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

அதுவரை மட்டக்குதிரையின் பிழைப்பு சுற்றுலாத் தலங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூணாறு வட்டாரத்திலும் சீசனில் நாள் முழுக்கச் சவாரி. சீசன் முடிந்தால் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். குப்பைத் தொட்டியில் மேய்ந்து, பிளாஸ்டிக் தின்று, பஸ்ஸுக்குக் குறுக்கே நிற்கும் குதிரைகளை மலையேறிப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி செய்திருக்கிறது. சவாரி டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எடை பார்க்கும் மெஷின் வைத்த ஊர் எது?

இங்கேதான் வாழ்நாள் முழுவதும் குதிரையோடு பழகிய அந்த அறுபது வயதுக்காரரின் தேவை வருகிறது. அவருக்குச் சுழி பார்க்கத் தெரியும். குளம்பைத் தட்டிப் பார்த்தே நோவு எங்கே என்று சொல்லத் தெரியும். காது மடிவதை வைத்துக் கோபத்தையும், மூக்கு விடைப்பதை வைத்துப் பயத்தையும் கண்டுபிடிப்பார். கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் வாயை மூடும் குதிரையின் குணம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர், குதிரை வண்டிக்காரர் என்று அந்த அறிவைச் சுமந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

குட்டைக் குதிரை மீது வந்திருக்கும் இந்த மோகத்தை நல்ல வழியில் திருப்ப முடியும். பல லட்சம் கொடுத்து எங்கிருந்தோ வந்ததாகச் சொல்லப்படும் 'இம்போர்ட்டட்' குட்டியைத் தேடுவதற்குப் பதிலாக, சுமை தூக்கி ஓய்ந்து தெருவில் விடப்பட்ட ஒரு மட்டக்குதிரையை வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டால் அதற்கும் துணை கிடைக்கும். பழகிய கைகள் நாலு இளைஞர்களுக்குக் குளம்பு சீவக் கற்றுக்கொடுத்தால் மலைக்கிராமத்துக் குதிரைகளுக்கும் வைத்தியம் நடக்கும். மேல்நாட்டில் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடந்து போகும் குதிரை செய்வதை, பொறுமையாகப் பழக்கினால் நம்முடைய மட்டக்குதிரையாலும் செய்ய முடியும்.

வாங்குவதற்கு முன்பு போட வேண்டிய கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. குட்டைக் குதிரையின் ஆயுள் 30 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அறுபத்தைந்து வயதில் ஒருவர் ஒரு குட்டியை வாங்கினால் அது கிழமாகும்போது அவருக்குத் தொண்ணூற்றைந்து. மகன் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். மருமகளுக்குக் குதிரை என்றால் பயமாக இருக்கலாம். ஆகவே பேரம் படிவதற்கு முன்னால், தனக்குப் பிறகு அதற்குப் புல் போடப்போவது யார் என்று கேட்டு, அந்த ஆளையும் சந்தைக்குக் கூட்டிப்போய், குதிரையின் கயிற்றை அவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.